60 நிமிட கேசட்டில் ஏறாத 'டேஞ்சரஸ்': உங்களுக்கும் நடந்ததா?

தண்டையார்பேட்டைக்காரன்:
1991 நவம்பரில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பம் வந்தது. ஒரிஜினல் கேசட்டுக்குக் காசு இல்லை. மறு வருஷம் பொங்கல் காசோடு, வெற்று கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். "சிக்ஸ்டி போதும் தம்பி" என்றார் கடைக்காரர். நம்பினேன். தெருவிலேயே முதலில் என்னிடம்தான் வந்தது. மொட்டை மாடியில் டூ-இன்-ஒன் ரேடியோ-கேசட் பிளேயரைச் சுற்றி ஏழெட்டுப் பசங்க. கடைசிப் பாட்டான 'டேஞ்சரஸ்'க்கு ஆடிக் காட்டுகிறேன் என்று ஒருத்தன் லேஸை இறுக்கிக் கட்டி, தொப்பியைப் பிடித்தபடி நின்றான். 'வில் யூ பி தேர்' முடிந்தது. டொக். டேப் தீர்ந்து பட்டன் எகிறிவிட்டது. அவன் தொப்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை, என்னையே பார்த்தான். 14 பாட்டில் எனக்கு வந்தது 11. ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள்.

கல்மண்டபம்:
ஏமாற்று என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு கடையில் நான் வேலை பார்த்தவன். ஜாக்சனின் முந்தைய ஆல்பங்களில் 'த்ரில்லர்' மொத்தமே 42 நிமிஷம், 'பேட்' 50-ஐத் தாண்டாது. இரண்டும் 60-ல் அடங்கின. அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார். 'டேஞ்சரஸ்' 77 நிமிஷம், இசைத்தட்டாக வந்ததே 2 தட்டு. 90 கேசட் எடுங்கள் என்றால் விலையைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் 60-க்கே இறங்கிவிடுவார்கள்.

என் மனசில் இருப்பது வேறு. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அதே ஆல்பத்தில் 'கான் டூ சூன்' மட்டும் வேண்டும், இரண்டு பக்கமும் அதையே பதியுங்கள் என்றார். மூன்றரை நிமிஷம்கூட வராத பாட்டு. பக்கத்துக்கு 8 முறை ஏறியது. பதிந்து முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எய்ட்ஸால் 18 வயதில் இறந்த ரயன் வைட் என்ற அமெரிக்கப் பையனுக்கு அர்ப்பணித்த பாட்டு அது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காசிமேடு காத்து:
என் 'டேஞ்சரஸ்' கேசட் பூஞ்சை பிடித்துப் போனது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் ஈரக்காற்று, சும்மா அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி வையுங்கள். ஸ்பீக்கர் மேல் வைக்கவே கூடாது, காந்தம் இருக்கிறது. பிளேயரில் டேப் உரசும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். டேப் தொங்கினால் கேசட்டின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டுச் சுற்றுங்கள், வேகமாக வேண்டாம். பூஞ்சை தெரிந்தால் அதைப் பிளேயரில் போடாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் பரவும். அப்புறம் தண்டையார்பேட்டை நண்பரே, அந்த 11 பாட்டையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
ஏற்றுகிறேன். கல்மண்டபம் அண்ணா, ஏமாற்று என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் திரும்ப வந்தாரா?

கல்மண்டபம்:
ஒரே ஒருமுறை. டேப் தேய்ந்துபோயிருந்தது. புதுசாகப் பதிந்து கொடுத்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை. காசு மட்டும் வாங்கவில்லை.