மினியாபொலிஸ் டு சவுத் டகோட்டா, ஆற அமர ஒரு ட்ரிப்?

ஊர்சுத்தி: நானும் வீட்டுக்காரரும் செப்டம்பர்ல மினியாபொலிஸ்ல கார் எடுத்து நார்த், சவுத்னு ரெண்டு டகோட்டா மாநிலத்தையும் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம், அவசரமே இல்ல, ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்ட மாட்டேன்னு இப்பவே கறாரா சொல்லிட்டாரு. அமெரிக்க ஜனாதிபதிங்க முகத்த மலையில செதுக்கியிருக்காங்களே, அந்த மவுண்ட் ரஷ்மோர் தவிர என்ன பாக்கலாம்?

மைல்கல்: ஐ-90 ஹைவே செம போர்னு சொல்வாங்க, நம்பாதீங்க. வழில மிட்செல் கார்ன் பேலஸ், கட்டடத்துச் சுவர்ல சோளக்கதிராலயே படம் பண்ணி வச்சிருப்பாங்க, அரை மணி நேரம் போதும். அரிச்செடுத்த பாறைங்களா இருக்குற பேட்லேண்ட்ஸ் நேஷனல் பார்க்குக்குத்தான் டைம் ஒதுக்கணும். அங்க ஹைவே 240 லூப் ரோட்ல சாயங்காலமா போங்க, வெயில் சாயும்போது பாறையில சிவப்பு, மஞ்சள்னு பட்டை பட்டையா தனித்தனியா தெரியும், உச்சி வெயில்ல போனா எல்லாம் வெளுத்துப்போய் ஒண்ணுபோல இருக்கும். கஸ்டர் ஸ்டேட் பார்க்ல 18 மைல் வைல்ட்லைஃப் லூப், காட்டெருமை கூட்டமா ரோட்ட மறிச்சு நிக்கும், சாதுவா இருக்கேன்னு போட்டோ எடுக்க மட்டும் இறங்கிடாதீங்க.

ஜன்னல்சீட்டு: செப்டம்பர் கடைசில கஸ்டர் பார்க்ல பஃபலோ ரவுண்டப், அதாவது அந்தக் காட்டெருமைங்கள ஒண்ணா ஓட்டிட்டு வர்ற நிகழ்ச்சி, பாக்கணும்னா ரூம் இப்பவே போடுங்க. ஆர்வி (படுக்கை, சமையலோட இருக்குற பெரிய வண்டி) எடுக்குற ஐடியா இருந்தா விட்ருங்க, அந்தப் பார்க்ல இருக்குற நீடில்ஸ் ஹைவேல ஒரு டனல் அகலமே 8 அடிதான்!

ஊர்சுத்தி: சின்ன கார்தாங்க. திரும்பி வர்றப்போ?

மைல்கல்: நார்த் டகோட்டால மெடோரா ஊர் வழியா ஐ-94 ஹைவே. தியோடர் ரூஸ்வெல்ட் பார்க்கும் அங்கதான், கூட்டமும் கம்மி. வாட்ச்ச பாத்துக்கோங்க, டகோட்டா மேற்குப் பக்கம் ஒரு மணி நேரம் பின்னாடி.