ஓஎல்இடி-ல ரெண்டு அடுக்கு தேவையா, இல்ல விலை ஏத்தற வேலையா?

ராக்கோழி:
என் டேப்லெட்ல கீழ பட்டன் வரிசை இருந்த இடம் நிழலா பதிஞ்சு போச்சு, வெள்ளை பேஜ் திறந்தா அந்தப் பட்டை மட்டும் மஞ்சளடிக்குது, வாங்கி ரெண்டு வருஷம் கூட ஆகல. இப்ப டேண்டம்னு சொல்லி ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ஓஎல்இடி (கரன்ட் பாஞ்சா தானே ஒளி விடற ஆர்கானிக் பொருள் திரை) அடுக்கி விக்கறாங்க, 2024 ஐபேட் ப்ரோல கூட அதான். 1987ல கோடாக் கம்பெனி விஞ்ஞானிங்க டாங்கும் வான் ஸ்லைக்கும் ரெண்டே ஆர்கானிக் லேயர்ல, 10 வோல்ட்டுக்குள்ள எரிய வச்சு காட்டிட்டாங்களே. லேயர் கூடக் கூட கெட்டுப்போற இடமும் கூடும், அவ்வளவுதான்.

நானோமீட்டர்:
அந்த ரெண்டு லேயரே அடுக்கோட அருமையைத்தான் காட்டுது ப்ரோ. அதுக்கு முன்னாடி 60கள்ல ஆந்த்ரசீன்னு ஒரு ஆர்கானிக் பொருளோட ஒத்தை படிகத்தை எரிய வைக்க நூத்துக்கணக்கான வோல்ட் கொடுத்தாங்க. டாங் ஒரு லேயரை ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம், பாசிட்டிவ் சார்ஜ் மாதிரி நகரும்) கடத்த விட்டாரு, இன்னொண்ணை எலக்ட்ரான் கடத்த விட்டாரு, ரெண்டும் சந்திக்கற எல்லைல வெளிச்சம். ஆனா எலக்ட்ரானை கடத்தினதும் ஒளி விட்டதும் ஒரே லேயர், உள்ள போன 100 எலக்ட்ரானுக்கு வெளிய வந்தது ஏறக்குறைய 1 போட்டான், அதாவது ஒரு ஒளித்துகள். இன்னைக்கு கடத்த ஒண்ணு, தடுக்க ஒண்ணு, ஒளி விட ஒண்ணுன்னு வேலையை பிரிச்சதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.

ராக்கோழி:
சரி, அது ஒரு அடுக்குக்குள்ள. ரெண்டு அடுக்கை சீரிஸ்ல, அதாவது ஒரே கரன்ட் ரெண்டு வழியாவும் போற மாதிரி போட்டா வோல்ட்டேஜும் ரெண்டு மடங்கு ஆகுதே, அப்ப கரன்ட் பாதியானாலும் வாட் கணக்கு ஏறக்குறைய அதேதான. பேட்டரி மிச்சம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நானோமீட்டர்:
வாட் கணக்கு நீங்க சொல்றது சரி. ஆனா டேண்டம் ஆயுளுக்காக. நடுவுல இருக்கற லேயர் ஒவ்வொரு அடுக்குக்கும் தனியா சார்ஜ் கொடுக்குது, அதனால ஒரே கரன்ட் ரெண்டு தடவை ஒளியாகுது, அதே வெளிச்சத்துக்கு ஒவ்வொரு அடுக்கும் பாதி கரன்ட்லயே ஓடுது. கரன்ட்டை பாதியாக்கினா ஆயுள் பொதுவா ரெண்டு மடங்குக்கும் மேல கூடும். உங்க மஞ்சள் பட்டைக்கும் காரணம் நீலம் முதல்ல தேயறதுதான், கரன்ட் குறைஞ்சா அதுக்குத்தான் முதல் நிம்மதி.

குளோவ்பாக்ஸ்:
லேப்ல ஓஎல்இடி செய்யறவன் சொல்றேன், லேயர் எண்ணிக்கையை விட எனக்கு பயம் ஈரம்தான். மேல அலுமினியத்துல ஊசிமுனை ஓட்டை இருந்தா போதும், மறுநாள் ஒரு கருப்பு புள்ளி, அதுக்கடுத்த நாள் அது பெருசாகும். ஈரம் புகாம மூடற சீல் சரியில்லனா ஒத்தை அடுக்கும் சாகும், ரெட்டை அடுக்கும் சாகும்.

ராக்கோழி:
ஆயுள் கணக்கை ஒத்துக்கறேன். கார் டிஸ்ப்ளேக்கு, மணிக்கணக்கா ஒரே படம் நிக்கற டேப்லெட்டுக்கு கொடுக்கலாம். ரெண்டு வருஷத்துல மாத்தற போனுக்கு இந்த விலையை நான் கொடுக்க மாட்டேன்.