25 ஃபிரேமில் எடுத்த படம், வெளிநாட்டு குயர் விழாவுக்கு டிசிபி: எங்கே சறுக்கும்?

தனித்திரை:
82 நிமிடத் தமிழ்ப் படம், இரண்டு பெண்களின் காதல் கதை. 1920x1080, விநாடிக்கு 25 ஃபிரேம், ஸ்டீரியோ ஒலி. விழாவில் டிசிபியும் (தியேட்டர் சர்வரில் ஓட்டும் டிஜிட்டல் படத் தொகுப்பு) ஆங்கில சப்டைட்டிலும் கேட்கிறாங்க. லேபுக்குக் கொடுக்கக் காசில்லை, டிசிபி-ஓ-மேட்டிக்ங்கிற இலவச மென்பொருளில் நாமே செய்யலாம்னு எண்ணம். எதில் கவனமா இருக்கணும்? இந்திய விழாக்களுக்கு அனுப்ப சென்சார் வேணுமா?

பெட்டிக்காரன்:
தாராளமா செய்யலாம். 25 ஃபிரேம் டிசிபி எல்லாத் தியேட்டர் சர்வரிலும் ஓடும்னு சொல்ல முடியாது, 24க்கு மாத்திடுங்க. படம் 85 நிமிஷம் 25 விநாடி ஆகும். குரல் லேசா கனத்துக் கேட்கும், அதனால பிட்ச் (சுருதி) திருத்திய ஒலியைப் போடுங்க.

பலர் மாட்டுவது எஸ்ஆர்டியில், அதாவது சப்டைட்டில் கோப்பில்தான். மென்பொருளோட டைமிங் பகுதியில் அது 25 ஃபிரேமுக்கு எழுதினதுன்னு குறிக்காம விட்டா, வரிகள் போகப்போக முந்தும். கடைசி வசனம் மூணு நிமிஷத்துக்கு மேல முன்னாடியே வந்து நிக்கும். முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்த்தா இது கண்ணில் படாது. க்ளைமாக்ஸைப் பாருங்க.

கன்டெய்னர், அதாவது டிசிபியோட திரைச் சட்டம், ஃபிளாட் வகை: 1998x1080. இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு வரும், அதை நிரப்பறேன்னு படத்தை இழுக்காதீங்க. விநாடிக்கு 100 மெகாபிட் போதும், மொத்தம் சுமார் 64 ஜிபி. என்கிரிப்ஷன் (டிஜிட்டல் சாவி போட்டுப் பூட்டுவது) வேண்டாம்: சாவி செல்லுபடியாகும் நேரம் தப்பினா அரங்கமே இருட்டில் உட்காரும்.

ஒலிமேசை:
ஸ்டீரியோவை அப்படியே அனுப்பாதீங்க. ஓரத்து சீட்டில் இருப்பவருக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரும். வசன டிராக் தனியா இருந்தா சென்டருக்குத் தள்ளுங்க, இசையும் சூழல் ஒலியும் இடவலத்தில் இருக்கட்டும். யூடியூபுக்குன்னு -14 லஃப்ஸில் (சத்தத்தின் அளவு) ஏத்தின மிக்ஸ் தியேட்டரில் காதைக் கிழிக்கும். ஆபரேட்டர் ஒலியளவு ஃபேடரைக் குறைப்பார், கிசுகிசுப்பா பேசுற காட்சியெல்லாம் அதோட காணாமப் போகும். வசனம் -27 லஃப்ஸ் பக்கம் நிக்கட்டும்.

தனித்திரை:
நன்றி. சப்டைட்டிலில் ஒரு சிக்கல். சின்னவள் பெரியவளைப் படம் முழுக்க 'அக்கா'ன்னுதான் கூப்பிடுவா. 'சிஸ்டர்'னு போட்டிருக்கோம்.

வரிக்கு42:
உடனே எடுங்க! முத்தக் காட்சிக்கு முன்னாடி 'சிஸ்டர்'னு வந்தா அரங்கம் நெளியும், இல்லைன்னா சிரிக்கும். உறவுமுறை தெரியாதவங்களுக்கு அது கூடப்பிறந்தவள்தான். பெரியவளின் பெயரைப் போடுங்க. ஆனா இடைவேளைக்குப் பிறகு அக்கா போய் 'வாடி' வரும்னா, அந்தத் தாவல் தெரியணும். முதல் பாதியில் முழுப்பெயர், 'டி' விழும் இடத்திலிருந்து செல்லப்பெயர். 'டி'க்கு வேற ஆங்கிலச் சொல் தேடி மண்டையை உடைக்காதீங்க.

வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். ஒரு விநாடிக்குக் கீழே எதுவும் நிக்கக் கூடாது.

பெட்டிக்காரன்:
சென்சார் கேள்வி விட்டுப்போச்சு. 1952 சினிமாட்டோகிராப் சட்டம் 9ஆம் பிரிவில் விழாத் திரையிடலுக்கு விலக்கு உண்டு. 2010ல் தொடங்கின மும்பை காஷிஷ் குயர் திரைப்பட விழாவும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வாங்கித்தான் நடந்தது. விண்ணப்பிப்பது விழாக்குழு, நீங்க கதைச்சுருக்கமும் படவிவரமும் கொடுத்தா போதும். விலக்கு அந்த விழாவுக்கு மட்டும்தான். அதை வச்சுத் தியேட்டரில் டிக்கெட் போட முடியாது. கதைச்சுருக்கத்தை மழுப்பி எழுதாதீங்க, படம் எதைப் பற்றியதுன்னு நேரா இருக்கட்டும்.