புதுப்பிப்பு: ஐந்தாம் வகுப்பும் உலக வரைபடமும்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில், கண்டங்களையும் கடல்களையும் மனப்பாடம் இல்லாமல் எப்படிச் சொல்லித்தருவது என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. கிறித்தவம் பரப்ப ஐரோப்பாவிலிருந்து வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் வழியைப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள் என்று ஒருவர் சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

1541இல் லிஸ்பனில் கப்பலேறி, மொசாம்பிக்கில் பல மாதம் தங்கி, 1542 மே மாதம் கோவா, அதே ஆண்டு நம் முத்துக்குளித்துறை (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை). அப்புறம் மலாக்கா, ஜப்பான், கடைசியில் 1552இல் சீனக் கரையோரத் தீவு. பிள்ளைகள் வரைபடத்தில் குண்டூசி குத்திச் சிவப்பு நூலை இழுத்துக்கொண்டே போனார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனை வந்ததும் ஒரு பையன், "ஏன் டீச்சர் இப்படிச் சுத்திப் போகணும், மேல குறுக்கால போகலாம்ல?" என்றான். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் வாய்க்குமா!

மொசாம்பிக்கில் ஏன் அத்தனை மாதம் என்று பருவக்காற்றை நான் விளக்கத் தொடங்கும் முன்பே, கடற்கரைப் பிள்ளைகள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளின் பெயர்களைத் திசையோடு சொல்லிவிட்டார்கள்.

இது மறைக்கல்வி (கிறித்தவ சமயப் பாடம்) வகுப்பாகிவிடாதா என்று கேட்டவர்களுக்கு: பாதிப் பேர் வேற்று மதப் பிள்ளைகள், அற்புதங்கள் பக்கமே நான் போகவில்லை. அடுத்து அட்சரேகை, யோசனை இருந்தால் சொல்லுங்கள்.