மணப்பாடு பக்கம் கூடாரம் போட இடம் உண்டா?

வணக்கம். வர்ற சனி, ஞாயிறு நாங்கள் மூன்று பேர் திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகவே மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று பைக்கில் போகிறோம். மணப்பாட்டில் குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயில், சவேரியார் குகை, உவரியில் கப்பல் மாதா கோயில் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ராத்திரி தங்குவதுதான் சிக்கல். கூடாரம் போட ஊர்க் கமிட்டியிடம் கேட்கணுமா, பங்குத்தந்தையிடமா, போலீஸிலும் சொல்லணுமா? வலை காயப்போடும் இடத்திலும் வள்ளம் இழுக்கும் வழியிலும் கூடாரத்தை நட்டு ஏச்சு வாங்க விருப்பமில்லை. அங்கே காற்று வேறு பலம். மணலில் முளை நிற்குமா, சாக்கில் மணல் நிரப்பிக் கயிறு கட்டணுமா? அப்புறம் குடிதண்ணீர், கழிப்பறை எங்கே? விடியற்காலை மீன் ஏலம் எத்தனை மணிக்கு? அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்.