ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினால் டட்சன் சூடாகிறது, ஓடிவிட்டு வந்தால் கிளச் கால் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

சேட்ஸ்வொர்த் டட்சன்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 1972 டட்சன் 1200 கார் இருக்கிறது. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது என் தலையில். வார நாட்களில் வேலைக்கு நண்பரோடு போய்விடுவதால் வண்டி சும்மா நிற்கும். சனி ஞாயிறு விடியற்காலை ஓட்டப் பயிற்சிக்காக ஹில்கிரெஸ்ட் போகத்தான் வெளியே எடுக்கிறேன். டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கிற நீண்ட தூர ஓட்டப் பந்தயமான காம்ரேட்ஸை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை, அதனால் எங்கள் குழு அந்தப் பந்தயம் போகிற பழைய மெயின் ரோட்டிலேயே போத்தாஸ் ஹில் தாண்டி ட்ரம்மண்ட் வரை போய்த் திரும்புகிறது.

சிக்கல் இரண்டு. முதலாவது வண்டி. பைன்டவுன் வரைக்கும் எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவில் அமைதியாக நிற்கிறது, ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நின்றாலும் அசையாது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏறத் தொடங்கியதும் மெல்ல மெல்ல மேலே போய், பாதி ஏற்றத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும், க்ளூஃப் சமதளம் வந்ததும் தானாக இறங்கிவிடும். தண்ணீர் கொதித்து வெளியே வந்ததில்லை. தெரு மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வை) கழற்றி வீசு, சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

இரண்டாவது என் கால். நீண்ட ஓட்டம் முடித்து உட்கார்ந்தால் கிளச் மிதிக்கும்போது இடது கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. கிளச் முன்பைவிடக் கனமாக இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா தெரியவில்லை. இந்த மாதிரி பழைய வண்டியையும் ஓட்டத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வீட்டில் இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்கிறார்கள். அதற்கு யாரும் பதில் எழுத வேண்டாம், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

மாரிட்ஸ்பர்க் மாமா

தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதே. அது இல்லாவிட்டால் சமதளத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும், அப்புறம் உன் மலை ஏற்றச் சிக்கலும் அப்படியே இருக்கும். சந்தேகமாக இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பார். 82 டிகிரி பக்கம் வாயைத் திறக்கத் தொடங்கினால் அது நல்லது, திறக்காவிட்டால் புதிது போடு, விலை ஒன்றும் பெரிதல்ல.

நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால் சூடாகவில்லை, ஏறினால்தான் சூடாகிறது. நிற்கும்போது சூடாகும் வண்டிக்கு விசிறி, பெல்ட் இவற்றில்தான் முதலில் கை வைக்க வேண்டும். சுமை ஏறும்போது மட்டும் சூடாகிறது என்றால் உண்டாகும் சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை என்று பொருள். ஐம்பது வருடக் குழாய்த் தண்ணீர் உள்ளே உப்பாகப் படிந்திருக்கும். வண்டியை நன்றாகச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, துப்பாக்கி மாதிரி இருக்கிற வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தில் இடம் இடமாக அளந்து பார். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது போதாது, ரேடியேட்டர் கடையில் கொடுத்து உள்ளே இருக்கும் கோரை, அதாவது குழாய்க் கூட்டை, மாற்றச் சொல், மேல் கீழ்த் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு செய்து தருவார்கள்.

மூடியையும் பார். 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி என்றால் தண்ணீர் கொதிக்கும் அளவு ஏறத்தாழ 20 டிகிரி உயரும். ரப்பர் காய்ந்துபோன மூடியால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும். கீழ்க் குழாயையும் அழுத்திப் பார், உள்ளே சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தால் எஞ்சினை முறுக்கும்போது குழாய் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்தையே நிறுத்திவிடும். அப்புறம் இக்னிஷன் டைமிங், அதாவது பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் நேரம். அது பின்தங்கி இருந்தாலும் ஏற்றத்தில் சூடாகும்.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் தகடு) பக்கம் போக வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பார். உன் எஞ்சின் 1171 சிசி, அலுமினியத் தலை. அது ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும். எனவே முள் சிவப்பைத் தொட்டால் அடுத்த வளைவு வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் ஓரம் கட்டு. அதே அலுமினியத் தலையால் ஒரு நன்மையும் உண்டு. 2006 தொடக்கத்தில் இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது இரும்புத் தலை வண்டிக்காரர்கள் ஈயம் இல்லாவிட்டால் வால்வு இருக்கை (வால்வு வந்து உட்காரும் விளிம்பு) தேயுமே என்று கவலைப்பட்டார்கள், நம் டட்சனில் இருக்கைகள் தனியாகப் பொருத்தப்பட்டவை என்பதால் நாம் அவ்வளவு பயப்படவில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். ஃபீல்ட்ஸ் ஹில்லை எந்த கியரில் ஏறுகிறாய்?

அஞ்சுமணி ஓட்டம்

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஓட்டத்துக்குப் போகிற நாளில் பழைய வண்டி எதற்கு? இருட்டில் கிளம்பி, தெரியாத இடத்தில் மூன்று நான்கு மணி நேரம் நிறுத்திவிட்டுப் போகிறோம். நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) 2008 வரை பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் தயாரானது, அது இந்த 1200இன் வழியில் வந்ததுதான். அதனால் உங்களுக்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிறது, அதே காரணத்தால் திருடனுக்கும் உங்கள் வண்டி மேல் கண். ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் வாங்கி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், டட்சனை ஞாயிறு மாலை கோவிலுக்கு எடுங்கள். கால் வலியோடு கனமான கிளச், பூஸ்டர் இல்லாத பிரேக், எல்லாம் சேர்ந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் எனக்குச் சரியாகப் படவில்லை. 2013இல் அங்கே பிரேக் பிடிக்காமல் வந்த லாரியால் 24 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

பீனிக்ஸ் அக்கா

சிட்டி கோல்ஃபை மட்டும் திருட மாட்டார்களா என்ன! இருந்தாலும் இறக்கத்தைப் பற்றிச் சொன்னது சரி. மேலே ஏறிய கியரிலேயே கீழே இறங்கு தம்பி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும்.

உன் காலைப் பற்றி நான் சொல்கிறேன், காரைப் பற்றி மாமா சொல்லட்டும். ஓடி முடித்தவுடன் ஏன் வண்டியில் ஏறுகிறாய்? கால் மணி நேரம் நட. தண்ணீர் குடி, ஆனால் குடம் குடமாகக் குடிக்காதே. தாகத்துக்கு மேல் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாவது பற்றி முதலில் எழுதியவர்களில் நம் நாட்டு டாக்டர் டிம் நோக்ஸும் ஒருவர், 1985இல். காம்ரேட்ஸில் வழியெல்லாம் உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு கொடுப்பார்களே, அதையே ஒரு டப்பாவில் போட்டு வண்டியில் வை. உப்பு குறைந்துதான் தசை பிடிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. களைத்துப்போன தசையைத் திரும்பத் திரும்பச் சுருக்கினால் அது பிடிக்கும், கிளச் மிதிப்பது அந்த வேலைதான். ரோபோட்டில் நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடு. முதல் கியரில் கிளச்சை அழுத்திக்கொண்டே நிற்கிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

இருக்கையையும் ஒரு துளை முன்னால் இழு. கால் நீட்டி, விரல் நுனியால் மிதித்தால் கெண்டைக்கால்தான் எல்லாச் சுமையையும் தாங்கும். முழங்கால் மடங்கி, பாதத்தின் நடுவால் மிதித்தால் தொடை வேலை செய்யும். போத்தாஸ் ஹில்லில் இருந்து இறங்கி வந்தவனுக்குத் தொடையும் வலிக்கும்தான், ஆனால் அது மறுநாள்தான் தெரியும்!

எங்கள் குழுவில் குறைந்த தூரம் ஓடுகிறவர்தான் திரும்பும்போது ஓட்டுவார். உன் டட்சனை ஓட்டக் கிடைத்தால் ஆள் வரிசையில் நிற்பார்கள். சாவி விஷயத்திலும் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. என் வண்டியின் ரிமோட் சாவி வியர்வையில் நனைந்து செத்துப்போய்ப் புதிதுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. உனக்கோ வெறும் இரும்புச் சாவி. ஷூ கயிற்றில் கட்டிக்கொண்டு மழையில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. டயர் மேல் மட்டும் வைக்காதே, முதலில் அங்கேதான் கை போகும்.

காம்ரேட்ஸ் வழியில் ரோட்டோரக் கரையில் குழிந்திருக்கும் ஆர்தர் சீட்டைத் தாண்டும்போது பூ வைக்கிறீர்களா? 1920களில் காம்ரேட்ஸை ஐந்து முறை ஜெயித்த ஆர்தர் நியூட்டன் இளைப்பாறிய இடமாம், பூ வைத்து வணக்கம் சொன்னால் இரண்டாம் பாதி நன்றாகப் போகும் என்பார்கள். நான் பயிற்சியிலும் வைப்பேன்.

பழைய ஓட்டக்காரர்

இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. டட்சன் 1200 எங்கள் தலைமுறைக்குச் சும்மா ஒரு வண்டி இல்லை. 1960களில் கேட்டோ மேனரில் இருந்தும் மற்ற இடங்களில் இருந்தும் நிறவெறி அரசு இந்தியர்களான நம்மவர்களைக் கிளப்பி சேட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டது. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், நடுவில் பஸ். விலை குறைந்த ஜப்பான் வண்டி வந்தபோது சீட்டுப் போட்டாவது வாங்கினோம். கல்யாணம், காவடி, சாவு எல்லாவற்றுக்கும் தெருவுக்கே அந்த ஒரு வண்டிதான்.

ஓட்டமும் அப்படித்தான். காம்ரேட்ஸ் 1921இல் தொடங்கியது, ஆனால் 1975 வரை கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக இடம் கிடையாது. ஆனாலும் எண் இல்லாமல், பதக்கம் இல்லாமல் ஓடினார்கள். 1935இல் ஓடி முடித்த ராபர்ட் முட்சாலி பெயரில் 2019இல்தான் பதக்கம் வைத்தார்கள். ஆகவே தம்பி அந்த ரோட்டில் அந்த வண்டியில் போகிறான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான், சிட்டி கோல்ஃப் வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

திருட்டுக்கு ஒரு வழி. கியர் லாக் போடு, அதோடு எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குப் போகும் கம்பியில் ஒரு சிறு சுவிட்சை மறைத்து வை. கிளப்பிப் பார்ப்பான், சுற்றும், பிடிக்காது. பழைய வண்டிதானே, கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் போய்விடுவான்.

சேட்ஸ்வொர்த் டட்சன்

எல்லோருக்கும் நன்றி. மாமா, நீங்கள் கேட்ட கியர் கேள்விக்குப் பதில்: டாப் கியரில்தான், முடியாமல் திணறினால் மூன்றாவது. எஞ்சின் சத்தம் போடாமல் ஏறினால் நல்லது என்று அப்பா சொல்வார்.

வெப்பமானியால் பார்த்தேன். ரேடியேட்டரின் இடது பக்கம் கீழே ஒரு கைப்பிடி அளவு கிட்டத்தட்ட குளிர்ந்தே இருக்கிறது. மூடி ரப்பர் வெடித்திருக்கிறது. குமிழி வரவில்லை. ஹீட்டர் குழாயை யாரோ எப்போதோ அடைத்து வைத்திருக்கிறார்கள், அதையும் பார்க்க வேண்டுமா?

மாரிட்ஸ்பர்க் மாமா

அப்பா மேல் மரியாதை இருக்கட்டும், டாப் கியரில் திணறிக்கொண்டு ஏறாதே. இந்த எஞ்சினில் விசிறியும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் தண்ணீரும் மெதுவாகத்தான் ஓடும், காற்றும் குறையும், சூடு மட்டும் அப்படியே உண்டாகும். முதலிலேயே மூன்றுக்கு வா, தேவைப்பட்டால் இரண்டு. வேகம் குறையட்டும், சத்தம் வரட்டும். ஏற்றத்தில் அடியைச் சுருக்கி வேகமாக எடுத்து வைக்கச் சொல்லி உங்கள் பயிற்சியாளர் சொல்வாரே, அதே கதைதான்.

குளிர்ந்த திட்டு இருக்கிறது என்றால் கோரை மாற்று, கழுவிப் பார்த்துக் காலம் கடத்தாதே. புது மூடி, புதுக் கீழ்க் குழாய், ஆண்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்) பாதி, வடித்த தண்ணீர் பாதி. டர்பனில் பனி விழாதே என்று கேட்பாய், அது துருவுக்காக. அலுமினியத்தையும் இரும்பையும் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஹீட்டர் குழாயைத் திறந்து இணைத்துவிடு, இங்கே ஹீட்டர் எதற்கு என்று அடைத்தவர்கள் நிறைய. அவசரத்தில் அது இரண்டாவது ரேடியேட்டர், ஜன்னலை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுக்கத் திருப்பினால் மலை உச்சி வரை தாக்குப்பிடிக்கலாம்.

கிளச் கனம் உன் கற்பனையாக இல்லாமலும் இருக்கலாம். தட்டு தேயத் தேய மிதி கனக்கும். எஞ்சினைக் கழற்றும் நாள் வந்தால் அதையும் சேர்த்து மாற்று, இப்போதைக்கு மிதியின் அச்சில் கிரீஸ் வை.

அஞ்சுமணி ஓட்டம்

சரி, நான் தோற்றேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் மறைத்த சுவிட்ச் யோசனையை என் வண்டிக்கும் எடுத்துக்கொள்கிறேன். அக்கா, உருளைக்கிழங்கு முதல்நாள் இரவே அவித்து வைத்தால் கெட்டுவிடாதா?

பீனிக்ஸ் அக்கா

ஃபிரிட்ஜில் வை, விடியற்காலை உப்புத் தூவி எடுத்துப் போ. தோலோடு.

வெருலம் கராஜ்

சேட்ஸ்வொர்த் தம்பி, கோர் மாற்றும் கடையில் பழைய கோரை அப்படியே வாங்கிக்கொண்டு வா. என்னிடம் இன்னொரு 1200 பிரித்துப் போட்டிருக்கிறேன், அதன் ரேடியேட்டர் கோரின் பக்கவாட்டுத் தாங்கிகள் இரண்டும் துருவில் போய்விட்டன. உன்னுடையது மிஞ்சினால் எனக்கு வேண்டும், பதிலுக்கு நல்ல விசிறிக் கூடு ஒன்று தருகிறேன்.