ஒல்லியான அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி வந்தது?

செங்காந்தள்:
அப்பாவுக்கு 52 வயது. உயரம் 162 சென்டிமீட்டர், எடை 59 கிலோ. கணக்குப் போட்டால் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) 22.5 வருகிறது. போன மாதப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.2 சதவீதம். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இனிப்பைத் தொடுவதே இல்லை. உடல் பருத்தவர்களுக்கு வரும் நோய் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கின் ஆய்வைப் பார்த்தால் விளங்கும் என்று ஒருவர் சொன்னார். தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

நித்தியகல்யாணி (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்):
மகளே, 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் அதில் இருக்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை எந்திரம் இதைக் காட்டாது. தசை குறைந்து கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். உங்கள் அப்பாவின் விஷயமும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இது நடுவயதில் திடீரென்று முளைப்பதில்லை என்று காட்டியதுதான் யாஜ்னிக் செய்த பெரிய வேலை. 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் அவருடைய கேஇஎம் மருத்துவமனைக் குழு பெண்களைக் கருவுறும் முன்பிருந்தே பின்தொடரத் தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்கு வயிற்றுச் சுற்றளவும் புயத்தின் தசையும் நன்றாகவே குறைந்திருந்தன. ஆனால் முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து இடுக்கியால் அளந்தபோது தோலடிக் கொழுப்பின் தடிமன் அவ்வளவு குறைவில்லை. தசையும் உறுப்புகளும் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை, கொழுப்பு மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை.

நான் பணியில் இருந்தவரை, பிறந்த குழந்தையைத் தராசில் கிடத்தி எடையை அட்டையில் எழுதுவோம். 2.5 கிலோவைத் தாண்டிவிட்டால் நிம்மதிப் பெருமூச்சு. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எழுத அட்டையில் கட்டமே கிடையாது. அது இருந்தே ஆக வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே கிராமங்களில் கர்ப்பிணிகள் சாப்பிட்ட மொத்தக் கலோரிக்கும் குழந்தையின் அளவுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களுக்குத்தான் நல்ல வளர்ச்சியுள்ள குழந்தைகள் பிறந்தன. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவள் மருமகள். அதற்குள் கீரைச் சட்டி வழிக்கப்பட்டிருக்கும், சோறு மட்டும் மிஞ்சியிருக்கும். இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று அவளிடம் சொல்கிறவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கரிசல்காடு:
அம்மா சொன்னதோடு வைட்டமின் பி12 விஷயத்தையும் சேர்க்க வேண்டும். அந்தத் தாய்மார்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. ஃபோலேட் (ஃபோலிக் அமில மாத்திரையில் கிடைக்கும் வைட்டமின்) கூடுதலாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கே ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, அதிகம் இருந்தது. 2008இல் வந்த கட்டுரை அது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் யாரும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பது அதுதான். மேலும் இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு; தொடர்பைக் காட்டுமே தவிர, காரணம் இதுதான் என்று நிறுவாது. அதனால்தான் அந்த ஆய்வில் பிறந்த பிள்ளைகள் வளரிளம் பருவத்துக்கு வந்ததும், அவர்களுக்குக் கருத்தரிப்புக்கு முன்பே பி12 கொடுத்துப் பார்க்கும் சோதனையை அதே குழு தொடங்கியது.

நித்தியகல்யாணி:
தம்பி சொன்னது மிகச் சரி. மாத்திரையை நிறுத்தவே கூடாது.

செங்காந்தள்:
இருவருக்கும் மிக்க நன்றி. பாட்டிக்கு வறுமையில் பிறந்த மூன்றாவது பிள்ளை அப்பா. இனி இதை மாற்ற வழியில்லையா? இன்று இடுப்பை அளந்தோம், 92 சென்டிமீட்டர்.

கரிசல்காடு:
இந்திய ஆண்களுக்கு 90தான் எல்லை. பிஎம்ஐயிலும் ஆசியர்களுக்கு 23லிருந்தே ஆபத்து கூடுகிறது. எனவே அப்பா பிஎம்ஐயில் எல்லையை ஒட்டி நிற்கிறார், இடுப்பில் எல்லையைத் தாண்டிவிட்டார்.

நித்தியகல்யாணி:
பாட்டியை யாரும் குறை சொல்லிவிடாதீர்கள் மகளே, அவருக்குக் கிடைத்ததை அவர் சாப்பிட்டார். அப்பாவுக்கு வழி நிச்சயம் இருக்கிறது. எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் இருக்கிற தசையும் கரையும், அது வேண்டாம். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, சுண்டல், முட்டை, மீன், கீரை வையுங்கள். நடப்பதோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். ரத்த அழுத்தத்தையும் ரத்தக் கொழுப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், இதயத்துக்கு அவையும் முக்கியம். அப்பாவின் உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.